பூசினாற்போல இருந்த எட்டு வாரம்

அவளுக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எல்லோருக்கும் அவள் குச்சிதான். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாத வகை. "காத்தடிக்கிற அன்னிக்கு இவளை வெளிய விடாதீங்க மாப்ள, அப்புறம் தேடிக்கிட்டு அலையணும்" என்று கல்யாணமான புதிதில் அவளுடைய சித்தப்பா எச்சரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் முகத்தில் பாதி கவலை நிஜமாகவே இருந்தது.

மாப்பிள்ளை வெளிநாட்டில் குடியேறிய ஒரு தையல்காரன். பெரிய கடைக்கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், நின்றால் தலை இடிக்காத அளவுக்கு ஓர் இடம். புதிதாகத் தைப்பது அங்கே அபூர்வம். வாங்கின துணியை உடம்புக்குத் தக்கபடி திருத்திக் கொடுப்பதுதான் தொழில். பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விடுவான், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பான். இந்த இரண்டு வேலையிலேயே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

குச்சிக்கு உடம்புக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. விரல் மூட்டெல்லாம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னத்திலும் கருப்பாய் ஒரு படிவு. முதலில் பார்த்த டாக்டர், "உங்க நிறத்துக்கு வெயில்ல இப்படிக் கறுக்கத்தான் செய்யும்" என்று களிம்பு எழுதினார். இரண்டாமவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார். தையல்காரன் அன்றைக்கு முழுவதும் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு நடமாடினான். பதினான்கு மாதம் இப்படிப் போனபிறகு, நான்காவதாகப் பார்த்த ஓர் அம்மாள்தான் ரத்தத்தைச் சோதித்து, லூபஸ் என்று பெயர் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே உள்ளே புகுந்து வீட்டு ஆட்களை அடிக்கிற நோய். தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம்.

கையில் ஒரு விளக்கத் தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண்ணின் படம். பால் போல வெளுத்த முகம், மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாய்த் தடிப்பு. தையல்காரன் படத்தையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். ஜாடை சுத்தமாக ஒத்துப்போகவில்லை.

"வேற யாருக்கோ வந்த நோயைத் தூக்கி நமக்குக் குடுத்துட்டாங்க போல" என்றாள் குச்சி.

அவனுக்கு அடுத்த கடை சாவிக்காரருடையது. பூட்டுத் திறப்பார், மாற்றுச் சாவி வெட்டுவார், செருப்புக்கு அடியும் ஒட்டுவார். அந்த நாட்டுக்காரரே, அந்தப் படத்துப் பெண்ணின் நிறம். அவர் மனைவிக்கும் இதே நோய் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிய வந்தது. அந்த அம்மாளுக்குக் கன்னம் சிவந்த மாதமே டாக்டர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாராம். பத்து வருடமாக மாத்திரை போட்டுக்கொண்டு, சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறார்.

அன்று முதல் தையல்காரன் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த அம்மாளின் நலம் விசாரிப்பான். சாவிக்காரர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார். மரியாதையாவது ஒன்றாவது. அவன் பார்த்தது ஜோசியம். அந்த அம்மாள் நன்றாக இருந்தால் தன் வீட்டுக்காரியும் நன்றாக இருப்பாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். மனைவியின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றே பார்ப்பான். தூங்கும்போது மூச்சு வருகிறதா, தட்டில் சோறு மீந்ததா, மாடிப்படியில் எத்தனை இடத்தில் நின்றாள் என்று அவன் கண் வேவு பார்த்துக்கொண்டே இருக்கும். பயத்தோடு குடித்தனம் நடத்துவது பெரிய கொடுமை. அதை வெளியே சொல்லவும் முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் குச்சி சதை போட ஆரம்பித்தாள்.

முதலில் கவனித்தது மாடி வீட்டு அக்கா. துணி காயப்போடும் இடத்தில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடி, கன்னமெல்லாம் உப்பி, பூசினாப்ல இருக்க? இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றாள். நூலகத்தில் குச்சியோடு புத்தகம் பதியும் பெண்ணும் அதையே சொன்னாள். தையல்காரனின் அம்மா வீடியோவில் மருமகளை உற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மகனிடம் கேட்டாள்.

"ஏன்டா, ஏதாவது விசேஷமா?"

"அதெல்லாம் இல்லம்மா. மாத்திரை நல்லா வேலை செய்யுது, அவ்ளோதான்."

"எப்படியோ, எலும்பு மேல தோல் போர்த்தினாப்ல இருந்தவ. இப்பத்தான் பொண்ணாட்டம் இருக்கா. யார் கண்ணும் படாம இருக்கணும்."

நம் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். ஒல்லியாக இருப்பவளைக் கண்டால் ஊரே துக்கம் விசாரிக்கும். கொஞ்சம் உருண்டுவிட்டால் போதும், நோய் நொடி எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடும். வீங்குவதும் கொழுப்பதும் வேறு வேறு என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவன் தையல்காரன். அவனோ விசிலடித்துக்கொண்டு அவளுடைய ரவிக்கைகளைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தான். மூன்று வருடத்தில் அவன் விசிலடித்து யாரும் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம் அவளுடைய நூலகச் சீருடைக் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. கடைக்கு வரச் சொல்லி டேப்பை எடுத்தான். இடுப்பு இருபத்தாறாக இருந்தது இருபத்தெட்டரை. சந்தோஷமாக நோட்டில் எழுதினான். வாடிக்கையாளர் எல்லோருக்கும் அதில் ஆளுக்கொரு பக்கம் உண்டு, தேதி போட்டு அளவு குறிப்பான். கணுக்காலுக்கு மேலே அளந்தான். ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. அதையும் எழுதினான். அப்படியே கை பழக்கத்தில் டேப்பை அவள் மேல்கையைச் சுற்றிப் போட்டான்.

ஒன்பது. கல்யாணமான புதிதில் எடுத்த அதே ஒன்பது. நூலளவுகூடக் கூடவில்லை.

தையல்காரன் மறுபடி அளந்தான். பதினோரு வருடமாகப் பெருத்தவர்களையும் இளைத்தவர்களையும் அளந்தவன் அவன். சதை போட்டால் கையிலும் போடும், கழுத்திலும் போடும். கை மட்டும் குச்சியாகவே இருக்க, கணுக்கால் மட்டும் பருத்த பெண்ணை அவன் அளந்ததில்லை. டேப்பைச் சுருட்டிப் பெட்டியில் போட்டான். சுருட்டும்போதே, நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற கால்தானே என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அதிலே இன்னும் மூன்று வாரம் போனது.

எட்டாவது வாரத்தில் ஒரு முற்பகல். சாவிக்காரர் ஒரு பூட்டைப் பிரித்துப்போட்டு வைத்திருந்தார். தையல்காரன் வழக்கம்போல விசாரித்துவிட்டு, அந்த ஊர்ப் பாஷையில் போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டான்.

"உங்க வீட்டம்மாவுக்கு எப்பவாவது கால் வீங்கியிருக்கா?"

சாவிக்காரர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை. நாலு வருஷம் முன்னாடி. அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. ஏன், யாருக்கு வீங்கியிருக்கு?"

தையல்காரன் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிச் சுருட்டினான்.

"வீட்டுக்குப் போங்க. முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டை விரலை வச்சு அழுத்துங்க, பத்து எண்ணுங்க. எடுத்ததும் தோல் மேல வந்துட்டா கவலையில்ல. குழி அப்படியே நின்னா, உள்ள இருக்கிறது தண்ணி. சிறுநீரகம் பார்க்குற வேலையைப் பார்க்கலன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அவர் தையல்காரனின் முகத்தைப் பார்த்தார். "கடையை நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

அன்று அவளுக்கு விடுமுறை. ஜன்னலோரம் உட்கார்ந்து காலை ஒரு முக்காலி மேல் நீட்டி வைத்திருந்தாள். காலுறை கழற்றிய இடத்தில் வளையம் பதிந்திருந்தது. இந்த நேரத்தில் இவன் எங்கே வந்தான் என்று அவள் கேட்பதற்குள் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தான்.

"என்னங்க இது, காலைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு?"

"சும்மா இரு, குச்சி."

அழுத்தினான். பத்து எண்ணினான். விரலை எடுத்தான். மாவில் பதிந்தது போலக் குழி நின்றது. அது மேலே வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். இருபது எண்ணினான், முப்பது எண்ணினான். அதற்குமேல் எண் மறந்துவிட்டது. காதில் ஏதோ இரைந்தது. அவள் என்னவோ சொன்னாள், நின்றுகொண்டே வேலை செய்கிறேன் இல்லையா என்று. அவளும் அதே காரணத்தைத்தான் வைத்திருந்தாள்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். அங்கே இருந்த பெண் நல்ல குரலில், முன்னால் இருந்த பட்டியலைப் பார்த்துக் கேட்டாள். முகம் சிவந்திருக்கிறதா? இல்லை, கறுத்திருக்கிறது. சிவந்திருக்கிறதா என்றுதான் கேட்டேன். இல்லை. காய்ச்சல்? இல்லை. எடை குறைந்திருக்கிறதா? இல்லை, கூடியிருக்கிறது. மூச்சுத் திணறல்? இல்லை. கால் வீக்கம் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அவனாகச் சொல்ல வாய்க்கவும் இல்லை. அவள் சந்தோஷமாகப் பதினொரு வாரம் தள்ளி ஒரு தேதி கொடுத்தாள். அவன் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லி வைத்துவிட்டான். வைத்தபிறகுதான் உறைத்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பொய் சொல்லாமல் பதில் சொல்லியும், வந்த விடை முழுப் பொய்யாக இருந்தது.

சாவிக்காரரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "பதினொரு வாரமா? எங்களுக்கு அன்னிக்கே படுக்கை குடுத்தாங்களே. நேரா போய் நில்லுங்க. என்ன கேட்டாலும் பரவாயில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க ஆட்கள் எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க."

மறுநாள் காலை அவசரப் பிரிவுக்குப் போகக் குச்சி புறப்பட்டு வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது. நல்ல புடவை, அழகாகப் பின்னின தலை, கன்னத்தின் கருப்பு தெரியாமல் ஒழுங்காகப் பூசிய பவுடர். நாலு பேர் இருக்கிற இடத்துக்கு அழுது வடிந்துகொண்டு போகக்கூடாது என்பது அவள் சட்டம். மூன்று வருடமாக ஒவ்வொரு டாக்டரிடமும் அவள் இப்படித்தான் போனாள்.

"மூஞ்சியைக் கழுவிட்டு வா."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

அவள் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். பிறகு போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

முன்வாசலில் இருந்த நர்ஸ், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். குச்சி வாயைத் திறந்து, "நல்லா இருக்கேன்" என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினாள். தையல்காரன் மேசைமேல் தன் அளவு நோட்டை விரித்து வைத்தான். அவசரத்தில் பக்கம் இரண்டு தடவை தவறிப்போனது.

"நான் தையல்காரன். இது என் மனைவியோட அளவு. தேதியைப் பாருங்க. இடுப்பு ரெண்டரை அங்குலம் கூடியிருக்கு, கணுக்கால் ஒன்றரை. கை அப்படியே இருக்கு. லூபஸ் இருக்கு. இது சதை இல்ல." பிறகு, யாரையும் கேட்காமல், எல்லோர் முன்னாலும் குனிந்து, குச்சியின் காலில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினான். நர்ஸ் அந்தக் குழியையும் நோட்டையும் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்துக்கொண்டு வந்தவள், முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தாள். அதன்பிறகு அங்கே எல்லோரும் வேகமாக நடந்தார்கள். அந்த வேகம்தான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

சிறுநீரில் புரதம் ஒழுகிக்கொண்டிருந்தது. முதுகுப் பக்கம் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் போல ஒரு துணுக்கு எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் தையல்காரன் கடைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, போகிற வருகிற ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று திரும்பி அவன் பக்கம் வந்தால் நிமிர்ந்து நிற்பான், தாண்டிப் போனால் மறுபடி சுவரில் சாய்ந்துகொள்வான்.

சிறுநீரக டாக்டர் சுற்றி வளைத்துப் பேசாதவர். இரண்டு சிறுநீரகத்திலும் பாதிக்கு மேல் நோய் இறங்கியிருக்கிறது என்றார். நரம்பு வழியாகக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும். அடங்குமா அடங்காதா என்று தெரிய ஆறு மாதம் ஆகும். அடங்காவிட்டால் வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டி வரும்.

"என் பக்கத்துக் கடைக்காரர் மனைவிக்கும் இதே நோய்தான்" என்றான் தையல்காரன். "பத்து வருஷமா சைக்கிள் ஓட்டறாங்க." அதை ஒரு முறையீடு போலச் சொன்னான்.

டாக்டர் பேனாவை மூடினார். "பெயர் ஒண்ணுதான். ஆனா உங்க ஆட்களுக்கு இது சின்ன வயசுலயே வருது, சிறுநீரகத்துல அதிகமா இறங்குது. கொஞ்சம் உடம்போட வாகு. எல்லாத்தையும் உடம்பு மேல போட்டுட முடியாது. நாங்க படிச்ச புத்தகத்துல இருந்த முகமெல்லாம் வெள்ளை முகம். உங்க மனைவி முகத்துல இருந்ததை முதல் மூணு பேருக்குப் படிக்கத் தெரியல. அந்தப் பதினாலு மாசமும் அவங்க உடம்புல இருக்கு." அவர் மறுபடி பேனாவைத் திறந்தார். "இந்த வீக்கத்தை முதல்ல எப்ப கவனிச்சீங்க?"

அந்தக் கேள்வியை அவன் மூன்று நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டில் தேதி இருந்தது. அவன் கையால் எழுதியது.

"எட்டு வாரம் முன்னாடி" என்றான். "கை பெருக்கலன்னு பார்த்து மூணு வாரம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும்.

வார்டில் மதிய வெயில் பாதிக் கட்டில் வரை வந்திருந்தது. அவள் மேல் படாமல் இருக்கத் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தையல்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊரெல்லாம் பூசினாற்போல இருக்கிறது என்று சொன்ன அந்த முகத்தை இப்போது பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"குச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கடையில அளந்தேன்ல, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கை பெருக்கல. இது சதை இல்லன்னு தெரிஞ்சது. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். நீ நல்லா ஆயிட்டன்னு நினைச்சுக்கிட்டு இருந்த சந்தோஷத்தை விட்டுட மனசு வரல."

அவள் மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டு மாசமா ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா வருது, சோப்புத் தண்ணி மாதிரி. காலையில எழுந்தா கண்ணு திறக்க முடியாது, மூஞ்சி அப்படி உப்பியிருக்கும். நோய்னு தெரியாம இருக்க நான் என்ன குழந்தையா? நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள குளிர்ந்த தண்ணியில கழுவி, பவுடர் போட்டுக்கிட்டு வந்து நிப்பேன்."

"ஏன் குச்சி? ஏன் சொல்லல?"

"மூணு வருஷமா நீங்க என்னைப் பார்க்கறப்பல்லாம் பயந்துக்கிட்டேதான் பார்த்தீங்க. நான் இருமினா உங்க மூஞ்சி செத்துப் போகும். இந்த எட்டு வாரந்தான் பொண்டாட்டியைப் பார்க்கற மாதிரி பார்த்தீங்க. விசிலெல்லாம் அடிச்சீங்க." அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அது போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஊசி ஏற்றாத கை அது, மெலிந்து, சூடாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முகத்தை நேராக அவளுக்குக் காட்டினான். அந்த முகத்தில் இருந்த பயம் எதையும் அவன் ஒளிக்கவில்லை.

"இனிமே நான் பயந்துக்கிட்டேதான் பார்ப்பேன்" என்றான். "நீ பொறுத்துக்க."

"சரி" என்றாள் குச்சி.